போதும் என்று சொல்லும் மரபணு

பொன்னையும் பொருளையும் எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் வாங்குகிறவர் வாயிலிருந்து ‘போதும்’ என்ற சொல் வராது, சோறு போட்டால்தான் வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அன்னதானத்தின் பெருமையைச் சொல்ல வந்த பேச்சு. எனக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம் வேறொரு கேள்வி எழும். சாப்பிடுகிறவருக்குள் உட்கார்ந்து ‘போதும்’ என்று சொல்வது யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் பத்து வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பருத்த உடம்பு. வடை வாளி இரண்டாம் முறை வந்தபோது இலையின் ஓரத்தில் இருந்த பொரியலை ஒதுக்கி இடம் செய்துகொண்டான். பக்கத்திலிருந்த பெரியவர், “அவனுக்கு வேண்டாம்ப்பா, பாத்தாலே தெரியலையா?” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒதுக்கிய பொரியலை விரலால் பழைய இடத்துக்கே தள்ளினான். அவனுக்கு அடுத்த இலை அவன் அண்ணனுடையது. ஒல்லிப் பையன், அவன் இலையில் மூன்றாவது வடை விழுந்தது. அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த விரலின் அசைவு இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் பருக்கிறான், ஒருவன் பருக்கவில்லை. பருத்தவனுக்கு வாயடக்கம் இல்லை என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அறிவியல் கடந்த எழுபது ஆண்டுகளில் கண்டுபிடித்திருப்பது அந்தத் தீர்ப்புக்கு நேர் எதிரானது.

கனடாவின் கியூபெக் நகரில் லாவல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோட் புஷாரும் அவருடைய குழுவினரும் செய்த ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் 12 ஜோடி, எல்லோரும் இளைஞர்கள். அவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து, வாரத்துக்கு 6 நாள் வீதம் 100 நாளில் 84 நாள், தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி சாப்பிடவைத்தார்கள். கூடுதலாகக் கொடுத்தது எல்லோருக்கும் ஒரே அளவு. முடிவில் ஒருவருக்கு 4.3 கிலோதான் ஏறியிருந்தது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. சராசரி 8.1. ஆனால் ஒரு ஜோடிக்குள் பார்த்தால் அண்ணனுக்கு ஏறிய அளவும் தம்பிக்கு ஏறிய அளவும் பெரும்பாலும் ஒட்டியே போயின. வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பில் இந்த ஒற்றுமை இன்னும் பலமாகத் தெரிந்தது. 1990இல் இந்த முடிவுகள் வெளியாயின. எடை கூடியதற்குக் காரணம் உணவு, அதில் சந்தேகமில்லை. எவ்வளவு கூட வேண்டும், எங்கே சேர வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு இருந்தது.

மரபணு என்றால் வெறும் எழுத்துச்சரம்தானே, அது எப்படிப் பசியைத் தீர்மானிக்கும்? மரபணு புரதத்தைச் செய்கிறது. சில புரதங்கள் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குச் செய்தி கொண்டுபோகின்றன. சில, அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிகளாக செல்லின் மேற்பரப்பில் நிற்கின்றன. வாங்கிய செய்தியைக் கைமாற்றி செல்லின் உட்கருவரை கொண்டுசேர்ப்பவையும் புரதங்களே. இந்தத் தொடரைத்தான் சமிக்ஞைப் பாதை என்கிறோம். பசிக்கும் இப்படி ஒரு பாதை இருக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை சுண்டெலிகள்.

1949 கோடைக்காலம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கடலோர ஊரான பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. சோதனைச் சுண்டெலிகளை வளர்ப்பதற்கென்றே பெயர்பெற்ற இடம். அங்கே ஒரு கூண்டில் உருண்டையான எலி ஒன்று தென்பட்டது. வளர வளர அது ஓயாமல் தின்றது, சாதாரண எலியைப்போல மூன்று மடங்கு எடைக்குப் போனது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பிழைதான் காரணம் என்று தெரிந்தது. அந்த மரபணு எது, அது என்ன செய்கிறது என்பது தெரியவில்லை. பருமனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்து ‘ஓ.பி.’ எலி என்று பெயர் வைத்தார்கள். 1965இல் அதே ஆய்வகத்தில் இன்னொரு குண்டு எலி அகப்பட்டது. அதற்குக் கடுமையான நீரிழிவும் இருந்ததால் ‘டி.பி.’ எலி என்ற பெயர் கிடைத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

டக்ளஸ் கோல்மன் என்ற உயிர்வேதியியலாளர் அங்கே வேலை பார்த்தார். அவர் செய்த சோதனையைப் படிக்கும்போது கொஞ்சம் மனம் கூசும். இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலைக் கீறி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடுவார். காயம் ஆறும்போது இரண்டுக்கும் இடையே நுண்ணிய ரத்தக்குழாய்கள் வளர்ந்து, ஒன்றின் ரத்தம் மற்றதற்குள் மெல்லக் கலக்கும். டி.பி. எலியைச் சாதாரண எலியோடு தைத்தார். சாதாரண எலி சாப்பாட்டைத் தொடாமல், முன்னால் தீனி இருந்தும் பட்டினியால் செத்துப்போனது. டி.பி. எலி தின்றுகொண்டே இருந்தது. அடுத்து டி.பி. எலியை ஓ.பி. எலியோடு தைத்தார். இரண்டுமே குண்டு, இரண்டுமே பெருந்தீனி. இந்த முறை ஓ.பி. எலி தின்பதை நிறுத்தி மெலிந்து செத்தது. ஓ.பி. எலியைச் சாதாரண எலியோடு தைத்தபோதோ அது அளவாகச் சாப்பிட்டு, எடை ஏறுவது குறைந்தது.

இந்த மூன்றையும் அடுக்கிவைத்துப் பாருங்கள். டி.பி. எலியின் ரத்தத்தில் ‘போதும்’ என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் ஏராளமாக ஓடுகிறது, ஆனால் அதைக் கேட்கும் காது அந்த எலிக்கு இல்லை. ஓ.பி. எலிக்குக் காது நன்றாக இருக்கிறது, அந்தப் பொருளைத்தான் அதன் உடல் செய்வதில்லை. கத்தியும் ஊசிநூலும் கொண்டு, எந்த மூலக்கூறையும் கண்ணால் காணாமலே, கோல்மன் 1970களின் தொடக்கத்தில் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். பலர் ஏற்கவில்லை. பருமன் என்பது மனக்கட்டுப்பாடு பற்றிய விஷயம் என்ற எண்ணம் விஞ்ஞானிகளிடமும் அவ்வளவு ஆழமாக இருந்தது.

அந்தப் பொருளைக் கையில் பிடிக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் எட்டு ஆண்டுகள் அந்த ஒரு மரபணுவையே துரத்தினார். 1994 மே மாதம் ஒரு விடியற்காலையில் எக்ஸ்ரே படச்சுருளைக் கழுவி எடுத்துப் பார்த்தபோது அது கிடைத்துவிட்டது தெரிந்தது. அந்த மரபணு வேலை செய்யும் இடம் கொழுப்புத் திசு. அதுவரை கொழுப்பை எண்ணெய்க் கிடங்கு என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லின. அந்தக் கிடங்கு ஹார்மோன் சுரக்கிறது, தன் இருப்பு எவ்வளவு என்று மூளைக்கு நாள்தோறும் சொல்லி அனுப்புகிறது! மெலிவு என்று பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்த ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர் சூட்டினார்கள். அடுத்த ஆண்டே லெப்டினின் ஏற்பியும் கிடைத்தது. டி.பி. எலியில் கெட்டுப்போயிருந்தது அந்த ஏற்பிதான். கோல்மன் சொன்னது அப்படியே பலித்தது. 2010இல் இருவருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கொடுக்கப்பட்டது.

மனிதரிலும் இது நடக்குமா என்ற கேள்விக்கு 1997இல் விடை வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ’ராஹில்லியின் குழு இரண்டு குழந்தைகளைப் பரிசோதித்தது. பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட, நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுவிட்ட உறவுப் பிள்ளைகள். 8 வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. 2 வயதுப் பையனின் எடை 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சராசரி எடையோடுதான் பிறந்தார்கள். சில மாதங்களில் பசி தொடங்கியது, பிறகு அடங்கவே இல்லை. எவ்வளவு கொழுப்பு இருந்ததோ அந்த அளவுக்கு ரத்தத்தில் லெப்டின் இருந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பிழையுள்ள பிரதியே வந்திருந்தது.

சதாஃப் ஃபரூக்கி என்ற மருத்துவர் அவர்களுக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கினார். அந்தப் பையனின் இரண்டு புகைப்படங்கள் மருத்துவ உலகில் மிகவும் பெயர்பெற்றவை. 3 வயதில் 42 கிலோ. சிகிச்சை பெற்று 7 வயதில் 32 கிலோ. வளர்கிற குழந்தை, நான்கு வயது கூடியிருக்கிறது, எடை 10 கிலோ குறைந்திருக்கிறது. யாரும் அவன் தட்டைப் பிடுங்கவில்லை. உடலில் இல்லாமலிருந்த ஒரு புரதத்தைக் கொடுத்தார்கள், அவனாகவே ‘போதும்’ என்றான். இந்தச் செய்தியை முதன்முதலாகப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். லெப்டின் கிடைப்பதற்கு முன்பு இப்படிப் பிறந்த எத்தனை பிள்ளைகள் தின்னிப் பண்டாரம் என்ற பெயரோடு வாழ்ந்து செத்திருப்பார்கள்!

இனி அந்தப் பாதைக்குள் நுழைந்து பார்ப்போம். மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அதில் வில்போல் வளைந்த சிறு நரம்பணுத் திரள் ஒன்று. அங்கே எதிரெதிர் கட்சிகளாக இரண்டு வகை நரம்பணுக்கள் அருகருகே இருக்கின்றன. பி.ஓ.எம்.சி. வகை பசியை அடக்கும், ஏ.ஜி.ஆர்.பி. வகை பசியைத் தூண்டும். லெப்டின் வந்தால் முதல் வகை எழும்பும், இரண்டாம் வகை அடங்கும். இரண்டுமே போய்த் தொடும் அடுத்த நிலையம் எம்.சி.4.ஆர். என்ற ஏற்பி. முன்னது அதை முடுக்கும், பின்னது அதை அடைக்கும். அந்த ஏற்பியிலிருந்துதான் சாப்பாட்டைக் குறை, செலவைக் கூட்டு என்ற கட்டளை உடலுக்குப் போகிறது. இந்த ஏற்பியின் மரபணுவில் பிழை உள்ள மனிதர்கள் 1998இல் முதலில் கண்டறியப்பட்டார்கள். ஒற்றை மரபணுவால் வரும் பருமனில் இதுவே மிகுதியாகக் காணப்படும் வகை.

வீட்டில் லாப்ரடார் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. சாப்பாட்டு மேசையடியில் எச்சில் ஒழுகக் காத்திருப்பதில் அந்த இனத்துக்கு ஈடில்லை. பிரிட்டனில் பரிசோதித்தபோது சுமார் நான்கில் ஒரு லாப்ரடாரிடம் பி.ஓ.எம்.சி. மரபணுவில் 14 எழுத்துகள் காணாமல் போயிருந்தது 2016இல் தெரியவந்தது.

மனிதரில் இவையெல்லாம் அபூர்வமான பிழைகள். பெரும்பாலான பருத்த மனிதர்களின் லெப்டின் மரபணு பழுதில்லாமல் இருக்கிறது. லெப்டின் கிடைத்தபோது மருந்து நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டின. ஊசி போட்டால் உலகமே மெலிந்துவிடும் என்று பேசினார்கள். சாதாரணப் பருமன் உள்ளவர்களிடம் சோதித்தபோது பலருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருந்தது. மூளைதான் அதைக் கேட்கவில்லை. தவறான உணவால் வரும் பருமனின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

லெப்டின் தன் ஏற்பியில் வந்து உட்கார்ந்ததும் அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜேக்2 என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது ஏற்பியின் வாலில் பாஸ்பேட் குறிகளைப் பதிக்கிறது. அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு ஸ்டாட்3 என்ற புரதம் வந்து, தானும் குறி பெற்று, உட்கருவுக்குள் போய் பி.ஓ.எம்.சி. மரபணுவை முடுக்குகிறது. அதே கையோடு சாக்ஸ்3 என்ற இன்னொரு மரபணுவையும் முடுக்கிவிடுகிறது. சாக்ஸ்3 திரும்பி வந்து ஜேக்2-வின் வாயைப் பொத்துகிறது. பி.டி.பி.1.பி. என்ற இன்னொரு நொதி, ஜேக்2-வின் மேல் உள்ள பாஸ்பேட்டுகளை அழித்துவிடுகிறது. எந்தச் செய்தியும் ஓயாமல் ஒலிக்கக் கூடாது என்பதற்காக இயற்கை வைத்த பூட்டுகள் இவை. சுண்டெலிக்கு வாரக்கணக்கில் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தால் என்ன ஆகிறது? கொழுப்பு கூடுகிறது, லெப்டின் கூடுகிறது, ஹைப்போதலாமஸில் அழற்சி உண்டாகிறது, சாக்ஸ்3 பெருகுகிறது, பூட்டு இறுகிப்போகிறது. கடைசியில் ரத்தம் முழுக்க லெப்டின் ஓடினாலும் எலி பசியோடு தின்கிறது. கோல்மனின் டி.பி. எலிக்குப் பிறவியிலேயே இல்லாத காதை, இந்த எலி தின்றே இழந்துவிட்டது.

பூட்டைத் தளர்த்தினால்? பி.டி.பி.1.பி. இல்லாத எலிகளுக்கு அதே கொழுப்புத் தீனியைக் கொடுத்தும் அவை பருக்கவில்லை, இன்சுலினும் நன்றாக வேலை செய்தது என்று 1999இல் தெரிந்தது. சாக்ஸ்3 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் உள்ள எலிகளும் தாக்குப்பிடித்தன. அவ்வளவு ஏன், எதையும் நீக்காத இயற்கையான எலி இனங்களிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. கொழுப்புத் தீனியில் சி57 என்ற கறுப்பு இனம் ஊதிப்போகும், நீரிழிவும் வரும். ஏ.ஜே. என்ற வெள்ளை இனம் அதே தீனியைத் தின்றும் பெரிதாகப் பாதிக்கப்படாது. பந்தியில் பார்த்த அண்ணன் தம்பியை இங்கே நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பாதைக்கு இன்னொரு குணம் உண்டு. லெப்டின் கூடும்போது மெத்தனமாக இருக்கும் மூளை, அது குறையும்போது பதறிவிடும். பஞ்சத்தில் உயிர் பிழைக்க உருவான அமைப்பு ஆயிற்றே. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்பவரின் குழு பரிசோதித்தது. குறைத்த எடையில் பெரும்பகுதி பலருக்கும் திரும்பியிருந்தது. எடை திரும்பிய பிறகும் அவர்களுடைய உடல், அந்த எடைக்குச் செலவழிக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்தது. பட்டினி கிடந்து மெலிந்தவர் மீண்டும் பருத்தால் அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறோம். அவர் ஆறு ஆண்டுகளாகத் தன் மூளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது நமக்குத் தெரிவதில்லை.

பொதுமக்களிடம் காணப்படும் மரபணு வேறுபாடுகளில் எஃப்.டி.ஓ. என்பது மிகவும் பேசப்பட்டது. 2007இல் கண்டார்கள். அந்த மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள், ஒன்றும் பெறாதவர்களைவிட சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை இருந்தார்கள். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊர் மக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்த ஆய்வை எடுத்துப் பார்த்தால், இந்த மாற்றத்தின் விளைவு 1942க்குப் பிறகு பிறந்தவர்களிடம்தான் தெரிந்தது. அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் அதே மரபணுதான். மாறியது சாப்பாடும் உழைப்பும். உடலுழைப்பு உள்ளவர்களிடம் இதன் விளைவு கால்பங்குக்கு மேல் குறைகிறது என்பதும் லட்சக்கணக்கானோரிடம் பார்த்து உறுதியான ஒன்று.

நம் பக்கம் வந்தால் கதை இன்னும் சிக்கலானது. புனேயின் கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004இல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் 22.3. தராசுக்கு இருவரும் ஒன்று. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. தோலுக்கடியில் இடம் போதாமல் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் அது சேரும்போது, அங்கே இன்சுலினின் சமிக்ஞைப் பாதை அடைபடுகிறது. சர்க்கரை ஏறுகிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்நின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம் என்று தெரிந்தது. அதனால்தான் நம் மருத்துவர்கள் தராசோடு இஞ்ச் டேப்பையும் எடுக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அன்று பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அந்தப் பையனின் அம்மா நின்றிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். பையன் பிறந்த சில மாதத்திலேயே இப்படி ஆனானா, பசி தாங்காமல் ராத்திரியில் எழுந்து தேடித் தின்றானா என்று கேட்டேன். ஐந்து வயதுக்குள் அப்படி இருந்தால், அதிலும் பெற்றோர் நெருங்கிய சொந்தமாக இருந்தால், லெப்டின் அளவையும் மரபணுவையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். பி.ஓ.எம்.சி., லெப்டின் ஏற்பி இவற்றில் பிழை உள்ளவர்களுக்குப் பாதையின் அடுத்த நிலையத்தை நேரே முடுக்கும் செட்மெலனோடைட் என்ற மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது.

“இல்லீங்க. அஞ்சு, ஆறு வயசு வரைக்கும் அவங்க அண்ணன் மாதிரிதான் இருந்தான். அப்புறம்தான் இப்படி” என்றார். “எங்க மாமியார் வீட்டுப் பக்கம் எல்லாருக்கும் இந்த வாகுதான்.”

வீட்டில் என்ன நொறுக்குத்தீனி என்று கேட்டேன். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட், பாட்டில் குளிர்பானம், பள்ளி விட்டு வந்ததும் நூடுல்ஸ். முன்பு சொன்ன அதே கெவின் ஹால் 2019இல் 20 பேரை மருத்துவமனையில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல்போன்ற உணவும் வேண்டிய மட்டும் கொடுத்தார். ஆலை உணவு சாப்பிட்ட நாள்களில் அவர்கள் தங்களுக்கே தெரியாமல் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். பந்தியில் அவன் கேட்ட வடையைத் தடுக்க வேண்டாம், பாக்கெட்டுகளை வீட்டுக்குள் வராமல் நிறுத்துங்கள், மாலையில் விளையாட விடுங்கள் என்றேன்.

“சரிங்க, சின்னவனுக்கு நிறுத்திடறேன்.”

“பெரியவனுக்கும்தாம்மா. ரெண்டு பேரோட இடுப்பையும் அளந்து வைங்க.”

அவர் திரும்பி, பீடாத் தட்டருகே நின்றிருந்த ஒல்லிப் பையனைப் பார்த்தார். “அவனுக்குமா?” என்றார்.